கோப்பாயில் உன் அம்மா இறங்கவில்லை

மகனே,

இதைப் போனில் சொல்ல இரண்டு தரம் முயன்றேன். முதல் தரம் நீ வேலையில் நிற்கிறேன் என்றாய். இரண்டாம் தரம் "சொல்லுங்கோப்பா" என்று பொறுமையாகக் கேட்டாய். நான் காற்றுக்கு நாலு வாழை முறிந்து விழுந்த கதையைச் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டேன். தகப்பனும் மகனும் கதைக்கிற விஷயம் இல்லை இது என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். இப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. இனியும் வெட்கப்பட நேரம் இல்லை. எனக்கு எழுதிப் பழக்கம் இல்லை, முப்பது வருடம் யாழ்ப்பாணம் பருத்தித்துறை வீதியில் மினிபஸ் ஓடினவன் நான். பிழை இருந்தால் திருத்தி வாசி. கொழும்பில் அறைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, ஆறுதலாக இருந்து வாசி. உன் மனைவி இதை முழுவதும் வாசித்துவிட்டாள். அவள் சம்மதித்த பிறகுதான் தபாலில் சேர்க்கிறேன். கடைசியில் உன்னிடம் ஒரு காரியம் கேட்கப் போகிறேன். அதைக் கேட்பதற்கு முன் உன் அம்மாவைப் பற்றிச் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். நான் மறைத்ததால் உனக்குத் தெரியாமல் போனவை அவை.

சண்டை முடிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். அம்மாவுக்கு நாற்பத்தைந்து, நாற்பத்தாறு வயது. நீ அப்போது கொழும்பில் முதல் வேலையில் சேர்ந்திருந்தாய். ஒரு நாள் எங்கள் பகுதி மிட்வைஃப் மிஸ் ஸ்கூட்டரில் வந்து, அம்மாவைக் கிணற்றடிப் பக்கம் கூட்டிக்கொண்டுபோய்க் கதைத்துவிட்டு, கையில் ஒரு துண்டுக் கடதாசியைக் கொடுத்துவிட்டுப் போனார். கோப்பாயில் பெண்களுக்கான பரிசோதனைக் கிளினிக், அடுத்த வியாழக்கிழமை காலை. கருப்பைக் கழுத்தில் புற்றுநோய் வரப் பார்க்கிறதா என்று முன்கூட்டியே பார்க்கிற சோதனை, பப் டெஸ்ட் என்று பெயர். அம்மா அதை எனக்குச் சொல்லப் பட்ட பாடு இப்போதும் நினைவிருக்கிறது. சோறு போட்டுவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் சாப்பாட்டிலிருந்து தலை நிமிரவில்லை. "உமக்கு ஏதும் வருத்தமோ, உடம்பு சரியில்லையோ?" என்று கேட்டேன். "இல்லை" என்றாள். "வருத்தம் ஒண்டும் இல்லாமல் ஏன் போய்க் காட்டுறீர்? ஆம்பிளை டொக்டராய் இருந்தால் என்ன செய்வீர்?" என்றேன். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்லித்தான் பிறகு பல வருடம் என்னையே நான் ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை அவள் வெளிக்கிட்டாள். வெள்ளிக்கிழமைக் கோயிலுக்குக் கட்டுகிற மெல்லிய பச்சைச் சேலை. புத்தூர்ச் சந்தியில் என் பஸ்ஸில்தான் ஏறினாள். நீர்வேலி தாண்டி, கோப்பாய் கிட்ட வந்தது. தரிப்பில் எனக்குத் தெரிந்த மூன்று பேர் நின்றார்கள், இரண்டு பேர் எங்களோடு அதே வீதியில் பஸ் ஓடுகிறவர்கள். கிளினிக் படலை அவர்களுக்கு நேர் எதிரே. நான் பஸ்ஸை நிறுத்திவிட்டு, மேலே இருந்த கண்ணாடியில் அவளைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது, என் முகம் எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. பாதி எழும்பினவள் திரும்ப இருந்துவிட்டாள். கொண்டக்டர் "அக்கா, கோப்பாய் எண்டனீங்கள்" என்று கேட்டான். "இல்லைத் தம்பி, ரவுணுக்குப் போறன்" என்றாள். யாழ்ப்பாணம் வரை வந்து, சந்தைக்குள் போய், தேவையில்லாத ஒரு பிளாஸ்டிக் வாளியை வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போனாள். பின்னேரம் நான் வந்து, "ஏன் நீர் இறங்கேல்லை?" என்று கேட்டேன். "நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தியள். எனக்கு இறங்க ஏலாமல் போச்சு" என்றாள். அவ்வளவுதான். கோபமும் இல்லை, குறையும் இல்லை. எனக்கு அப்போது மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியைத்தான் என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை.

மிட்வைஃப் மிஸ் விடவில்லை. உன் கல்யாணத்துக்கு முந்தின மாதம் திரும்பவும் வந்தார். வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தோம். அம்மா இந்த முறை தானாகவே போகிறேன் என்று நாள் கேட்டு வாங்கினாள். நான்தான் மறித்தேன். "இப்ப போய் ஏதும் வருத்தம் எண்டு சொல்லிப்போட்டால் பொம்பிளை வீட்டார் என்ன நினைப்பினம்? கலியாணம் முடியட்டும்" என்றேன். மிஸ் என்னைப் பார்த்து, "ஐயா, பத்து நிமிசம்தான். கலியாணத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை" என்றார். "பிறகு பாப்பம் மிஸ்" என்று நான் படலை வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்தேன். கல்யாணம் நன்றாக நடந்தது. பிறகு நாங்கள் அதைப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு மாதவிடாய் நின்று இரண்டு வருடத்துக்குப் பிறகு, உன் மனைவி உன் மகளைச் சுமந்துகொண்டிருந்த காலத்தில், திரும்ப இரத்தம் படத் தொடங்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. சில பெண்களுக்கு அப்படி வந்து நிற்கும் என்று நினைத்தாளாம். இருட்டோடு எழும்பித் துணிகளைத் தோய்த்து, மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் காயப்போட்டிருக்கிறாள். நான் கவனித்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் போகாமல் விட்டாள். என்னிடம் அர்ச்சனைத் தட்டைத் தந்து, "முழங்கால் நோகுது, நீங்கள் போட்டு வாங்கோ" என்பாள். நல்லூர்த் தேருக்குக்கூட வீதியில் நின்றே கும்பிட்டாள். துடக்கு உடம்போடு உள்ளே போகக்கூடாது என்று தானே தனக்குத் தடை போட்டிருக்கிறாள். நான் முழங்காலுக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தேன்.

மகள் பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தபோது நடந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். ஐயர் போன பிறகு, உன் மனைவி பிள்ளையைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுக்கப் போனாள். அம்மா இரண்டு அடி பின்னால் போய், "கொஞ்சம் பொறு பிள்ளை, அடுப்பிலை வேலை கிடக்கு" என்று குசினிக்குள் போய்விட்டாள். அடுப்பில் ஒரு வேலையும் இல்லை. பிறகு மாதக்கணக்காகத் தூக்கவில்லை. தொட்டிலுக்குக் கிட்ட நின்று பார்ப்பாள், பாடுவாள், கையை மட்டும் நீட்ட மாட்டாள். நீ ஒரு நாள் என்னிடம், "அம்மாக்குப் பெடியன் பிறக்கேல்லை எண்டு மனவருத்தம்போல" என்று சொன்னாய். உன் மனைவியும் அப்படித்தான் நினைத்து அழுதிருக்கிறாள். நீ அந்தக் குறையை இன்னும் வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். போன வருடம் திவசத்தன்றும் சாடையாகச் சொன்னாய். அது அப்படி இல்லையடா. பிறகு ஆஸ்பத்திரியில் இருந்தபோது நானே அவளிடம் கேட்டேன். "இரத்தம் படுற உடம்போடை பச்சைப் பிள்ளையை என்னெண்டு தூக்கிறது?" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் அழுத மாதிரி அவளுடைய தாய் செத்தபோதும் அழுததில்லை.

கண்டுபிடித்தது உன் மனைவி. மகளுக்கு ஆறு மாதம். கொட்டிலுக்குப் பின்னால் அந்தத் துணிகளைக் கண்டுவிட்டு, மாமியாரைக் கையில் பிடித்து இருத்திக் கேட்டிருக்கிறாள். அடுத்த நாளே யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் போனேன். நீ இரண்டு நாள் கழித்து வந்தாய். பரிசோதனை முடிந்து, ஒப்பரேஷன் செய்கிற கட்டம் தாண்டிவிட்டது, பக்கத்துச் சதைக்கும் பரவிவிட்டது என்று சொன்ன அன்று, அறைக்குள் நானும் நீயும் அம்மாவும் இருந்தோம். அந்தப் பெண் டொக்டர் மெதுவாகத்தான் கேட்டார்.

"அம்மா, இதுக்கு முன்னம் எப்பவாவது கிளினிக்கிலை டெஸ்ட் செய்தனீங்களோ? ஆரும் வரச்சொல்லிச் சொல்லேல்லையோ?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. "எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை டொக்டர்" என்றாள்.

நான் அவளுக்குப் பக்கத்தில் ஒரு முழத் தூரத்தில் நின்றேன். வாய் திறக்கவில்லை. நோய் அவளுக்கு வந்தாலும் பழி எனக்கு வரக்கூடாது என்று அவள் பொய் சொன்னாள். அந்தப் பொய்யை நான் வாங்கி வைத்துக்கொண்டேன். நீ அதைக் கேட்டு நம்பினாய். ஏன் நம்பமாட்டாய்?

அதற்குப் பிறகு தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த காலம். ஊரில் கரண்ட் பிடிக்கிறது என்று சொல்வார்களே, அந்தக் கதிர்ச் சிகிச்சை, வாரத்தில் ஐந்து நாள். நான் பஸ்ஸை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு அவளோடு போனேன். அங்கே வாங்கில் அவளைப் போலப் பெண்கள் வரிசையாக இருந்தார்கள். குருநகரிலிருந்து வந்த ஒரு அம்மா கையில் செபமாலையோடு இருப்பார், அவருக்கும் இதே நோய். அவரும் உன் அம்மாவும் ஒருவருக்கொருவர் இடம் பிடித்து வைப்பார்கள், மீன்கறி, மரக்கறி என்று சமையல் கதைப்பார்கள். ஒரு நாள் அவர், "எனக்கும் துண்டு தந்தவைதான் தங்கச்சி. கடலுக்குப் போனவர் வந்து சாப்பிட வேணும், மீன் காய விட வேணும் எண்டு நிண்டிட்டன்" என்று சொன்னார். அம்மா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "நானும்தான் அக்கா" என்றாள். டொக்டரிடம் சொல்லாததை அவரிடம் சொன்னாள். நான் எழும்பி வெளியே போய் நின்றேன்.

கரண்ட் பிடித்து முடிந்ததும் இரத்தம் நின்றது. உனக்குத் தெரியாத இன்னொன்று: அதற்குப் பிறகு வந்த இரண்டு மாதமும் அவள் மகளைக் கீழே விடவில்லை. இடுப்பில் வைத்துக்கொண்டே வாழைத் தோட்டத்துக்குள் நடப்பாள், மடியில் வைத்துக்கொண்டே சாப்பிடுவாள். நீ மாதம் ஒரு முறை வருவாய், அப்போது பிள்ளை உன்னிடம் இருக்கும், அதனால் நீ காணவில்லை. பிறகு நோய் திரும்ப எழும்பியது. கால் வீங்கியது, பிள்ளையின் பாரம் தாங்கவில்லை. கட்டிலில் அவளுக்குப் பக்கத்தில் பிள்ளையைப் படுக்கவைப்போம். மகளுக்கு ஒரு வயதும் நாலு மாதமும் ஆனபோது அம்மா போய்விட்டாள். ஐம்பத்திரண்டு வயது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை மிட்வைஃப் மிஸ் துக்கம் விசாரிக்க வந்தார். நீ படலையிலேயே மறித்தாய். "இப்ப எதுக்கு வாறியள்? அம்மா இருக்கேக்கை ஒரு துண்டு கொண்டுவந்து குடுத்திருக்கலாமே. உங்களுக்குச் சம்பளம் எதுக்குத் தாறாங்கள்?" என்று கேட்டாய். பக்கத்து வீட்டுக்காரரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். மிஸ் உனக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். அவர், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ தம்பி" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு போனார். இரண்டு முறை எங்கள் வீட்டு வாசலுக்கு வந்த மனுஷி. என் ஒரு வார்த்தையில் அது தீர்ந்திருக்கும். ஒன்பது வருடமாக அந்த வார்த்தையை நான் சொல்லவில்லை.

இனி இப்போதைய விஷயம். உன் மனைவிக்கு இந்த வருடம் முப்பத்தைந்து முடிந்தது. அந்த வயதில்தான் முதல் முறை கூப்பிடுவார்கள். அதே மிஸ் வந்து அதே மாதிரி ஒரு துண்டு கொடுத்தார். நீ ஆவணியில் வந்து நின்றபோது அவள் உன்னிடம் காட்டியிருக்கிறாள். நான் வெளி விறாந்தையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ, "உனக்கு ஒரு வருத்தமும் இல்லையே, பிறகேன் போய்க் காட்டுறாய்?" என்று சொன்னது காதில் விழுந்தது. அது என்ரை குரல் மகனே. சொல்லுக்குச் சொல் அதேதான். பேப்பரை மடித்து வைத்துவிட்டு அங்கேயே இருந்தேன். உள்ளே வந்து உன்னிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். அப்போதும் வாய் வரவில்லை.

நீ கொழும்புக்குப் போன பிறகு நான் அவளிடம், "பிள்ளை, வெளிக்கிடு, ஓட்டோவிலை போட்டு வருவம்" என்றேன். அவள், "அவருக்குச் சொல்லாமலோ மாமா?" என்று கேட்டாள். "அவனுக்கு நான் சொல்லுறன்" என்றேன். ஆகவே கோபிக்க வேண்டுமானால் என்னைக் கோபி. கோப்பாயில் இறங்கினோம். உள்ளே பெண்கள்தான் சோதித்தார்கள். அவள் போய் ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரத்துக்குள் வெளியே வந்துவிட்டாள். "கொஞ்சம் கூச்சமாய்த்தான் இருந்தது, நோகேல்லை" என்றாள். அன்றைக்கு நான் மிஸ்ஸிடம் போய், அம்மா டொக்டரிடம் சொன்னது பொய் என்றும், நான் அன்று படலையில் பேசாமல் நின்றது பிழை என்றும் சொன்னேன். அவர் என்னை இருக்கச் சொன்னார். "தெரியும் ஐயா. ஆனால் நானும் மூண்டாந்தரம் ஒருக்கால் வந்திருக்கலாம். அதை நினைக்கிறனான்" என்றார். எனக்கு ஆறுதல் சொல்லத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

முடிவு போன கிழமை வந்தது. பதறாமல் வாசி. புற்றுநோய் இல்லை. கருப்பைக் கழுத்தில் சில கலங்கள் மாறத் தொடங்கியிருக்கின்றனவாம். அப்படியே கவனிக்காமல் விட்டால் வருடக்கணக்கில் புற்றுநோயாக மாறக்கூடும், இப்போதே பார்த்தால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம் என்று மிஸ் விளங்கப்படுத்தினார். பெரியாஸ்பத்திரியில் பெரிதாக்கிக் காட்டுகிற கருவியால் பார்ப்பார்களாம், தேவையென்றால் சிகிச்சையும் செய்வார்களாம். அநேகமாக அன்றே வீட்டுக்கு வரலாம். அம்மாவுக்கும் ஒரு காலத்தில் இப்படி ஒரு கட்டம் இருந்திருக்கும். அந்தக் கட்டத்தில்தான் அவள் என் பஸ்ஸில் இருந்தாளோ என்று நினைத்தால் எனக்குப் படுக்க முடிவதில்லை.

இது எங்கிருந்து வந்தது என்று அவளைக் கேட்டுவிடாதே. அவள் வருத்தத்துக்கு அழவில்லை, நீ அப்படிக் கேட்டுவிடுவாயோ என்றுதான் அழுதாள். எச்.பி.வி. என்று ஒரு வைரஸாம். கல்யாணம் செய்த ஆண் பெண் அநேகம் பேரின் உடம்பில் ஒரு காலத்தில் வந்து போகிறதாம், ஆருக்கும் தெரியாமல். பலருக்குத் தானாக மாறிவிடும், சிலருக்குத் தங்கிவிடும். எங்களைப் போன்ற ஆண்களும்தான் காவுகிறோம். அதனால் இதில் நடத்தைக் கதைக்கு இடமே இல்லை. உன் அம்மாவைப் போல ஒழுக்கமான மனுஷியை நான் கண்டதில்லை, அவளுக்கும் வந்ததே.

இன்னொன்று. மகள் இப்போது தரம் ஆறு. பள்ளிக்கூடத்தில் இந்த வைரஸுக்கு எதிராக ஊசி போட ஒரு படிவம் தந்தார்கள். ஆரோ வாட்ஸ்அப்பில் அனுப்பின குரலைக் கேட்டுவிட்டு, பிறகு பிள்ளை பிறக்காதாம் என்று நீ கையெழுத்து வைக்கவில்லை. நான் மிஸ்ஸிடம் அதையும் கேட்டேன். அது வெறும் வதந்தி, இந்த வயதில் போட்டால்தான் நல்ல பலன், பிறகு முப்பத்தைந்தில் சோதனையும் செய்ய வேண்டும் என்றார். நான் சொன்னேன் என்று செய்ய வேண்டாம், நீயே அவரிடம் போய்க் கேள். அவரைச் சந்திக்க உனக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. படலையில் நீ சொன்னதற்கு நீ மன்னிப்புக் கேட்டால் போதும், என் பங்கை நான் கேட்டுவிட்டேன். இந்தக் கடிதத்தின் பிரதி ஒன்றை அவர் கேட்டார், வீட்டு ஆண்களுக்கு வாசித்துக் காட்ட. அதனால்தான் இதில் ஒருவருடைய பெயரையும் எழுதவில்லை. ஆனாலும் ஊருக்கு விளங்கும். விளங்கட்டும்.

நான் கேட்கிற காரியம் இதுதான். வருகிற புதன்கிழமை காலை ஏழரைக்கு உன் மனைவி பெரியாஸ்பத்திரியில் நிற்க வேண்டும். நீ லீவு போட்டுவிட்டு செவ்வாய்க்கிழமை ரயிலில் வா. அவளோடு போ. உள்ளே விடமாட்டார்கள், வாசலில் ஆண்கள் ஒருவரும் இருக்க மாட்டார்கள், உனக்கு ஒரு மாதிரித்தான் இருக்கும். அப்படியே இரு. தெரிந்தவர்கள் கண்டு என்ன விஷயம் என்று கேட்டால், மனைவிக்குக் கருப்பைக் கழுத்தில் ஒரு சோதனை என்று சொல்லு. அந்தச் சொற்களை நான் வாய்விட்டுச் சொல்லப் பழக இவ்வளவு காலம் எடுத்தது. உனக்கு ஒரு நாள் போதும் என்று நினைக்கிறேன்.

வாசித்து முடித்ததும் நீ போன் எடுப்பாய். முதலில் அவளுக்கு எடு. அவளோடு ஆறுதலாகக் கதை. என்னோடு கதைக்க உனக்கு இன்றைக்கு மனம் வராது, நாளைக்கும் வராமல் இருக்கலாம். நீ எவ்வளவு காலம் எடுத்தாலும் அது சரி. புதன்கிழமைக்கு மட்டும் வந்துவிடு.

அப்பா